தேனடைக்குக் காட்டிய சாம்பிராணி

கத்திரி வெயில் ஆரம்பித்த சமயத்தில் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தேனீக்கள் அடை கட்டின. வேங்கிக்காலில் நாங்கள் இருப்பது புது மனைப் பிரிவு, பேருக்குக்கூட மரம் கிடையாது. அண்ணாமலையார் மலையில் சுனையெல்லாம் வற்றிப்போய், கசிகிற எங்கள் தொட்டியை மோப்பம் பிடித்து வந்திருக்கும். முறம் அகலத்துக்குக் கருப்பாகத் தொங்கியதைப் பார்த்ததும் கீழே ஓடி வந்துவிட்டேன்.

பயம் எனக்காக இல்லை. போன வருஷம் கீழ்பென்னாத்தூர் கொல்லையில் ஒரே ஒரு தேனீ கொட்டி, முகம் வீங்கி மூச்சடைத்துப் போனவர் என் வீட்டுக்காரர். மறுபடி கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது அவர் காதில் ஏறினால்தானே?

"ஆள வெச்சுக் கலைச்சுடலாங்க" என்றேன்.

"தானா வந்து குடியேறினத விரட்டுவாங்களா? வீட்டுக்கு ஆகாது. அது பாட்டுக்கு அது இருக்கட்டும்."

நான் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுவார். அவர் பேசினால் நானும் விடமாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். ஆனாலும் அடை அங்கேயே இருந்தது. மாடியில் துணி காயப்போடுவதையே நிறுத்திவிட்டேன். மத்தியானத்தில் ஃபேன் சத்தம் கேட்டால்கூடத் தூக்கிவாரிப்போடும். அவர் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்குவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிராணி போடுவது எங்கள் வீட்டில் அவர் வேலை. தூபக்காலை ஏந்திக்கொண்டு அடுப்பு, பீரோ, பைக், தண்ணீர் மோட்டார் என்று ஒன்று விடாமல் புகை காட்டுவார். அன்றைக்கு நான் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். மாடிப்படியில் புகை வாசனை.

"ஐயோ, பாவி மனுஷா!"

வந்து குடியேறிய தேனீயும் வீட்டைச் சேர்ந்ததுதானே என்று தேனடைக்கும் காட்டப் போயிருக்கிறார்! நான் படியேறுவதற்குள் அவர் தலைதெறிக்க ஓடி வந்தார். தலையிலும் கழுத்திலும் தேனீக்கள் மொய்த்தன. அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, முந்தானையால் அடித்து அடித்துத் தள்ளினேன். அதற்குள் உதடு தடித்துவிட்டது.

என் அலறலைக் கேட்டுக் கீழ்வீட்டு பாய் வந்தார். ஒரு பார்வை பார்த்தார், உடனே தன் ஆட்டோவை எடுத்தார்.

"அண்ணி, அவர மயங்க வுடாதீங்க. பேசிக்கினே வாங்க."

எனக்குத் தெரிந்த பேச்சு ஒன்றுதான்.

"அதுங்க வந்து கேட்டுச்சா சாம்பிராணி? சொல்லுங்க, கேட்டுச்சா?"

"சும்மா... இரு" என்றார்.

அந்த ஒரு பதிலில் எனக்கு உயிர் வந்தது. இன்னும் திட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார். குறுக்கே ஒரு பஸ் நின்று வழிவிடவில்லை. தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் தலையும் ஆடவில்லை.

"யோவ்! எதிர்த்துப் பேசுய்யா! ஏதாவது சொல்லுய்யா!"

அவரை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே தரையில் உட்கார்ந்து, மலை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அண்ணாமலையாரே, இந்த மனுஷனைத் திருப்பிக் கொடு, இனிமேல் இவர் என்ன சொன்னாலும் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன்.

வெகுநேரம் கழித்து என்னை உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாய், கண் இருந்த இடம் தெரியாத வீக்கம். என் கையைத் தொட்டார்.

"தூபக்கால அங்கயே போட்டுட்டேன். பொகையில அதுங்க தவிக்கும். பாய்கிட்ட சொல்லி அத அணைக்க வை."

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. வேண்டுதல் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

"சரிங்க" என்றேன்.

வீங்கிய இமையைக் கஷ்டப்பட்டுத் திறந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போதுதான் முதல்முதலாகப் பயத்தைப் பார்த்தேன்.

"ஏய், உண்மையச் சொல்லு. டாக்டரு எனக்கு என்னான்னு சொன்னாரு?"