பாதிப் பிராது

நாடகம் முடிந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு டி.வி. நாடகத்துக்குப் போய் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாளே என்று கம்பெனியில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு அது ஏழெட்டு வருஷமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்த சுவர்.

பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பொம்மைக் கம்பெனியில் எனக்கு வேலை. அச்சிலிருந்து பிரித்தெடுத்த பொம்மை பாதி ஈரத்தோடு எங்களிடம் வரும். அச்சின் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் ஒரு பிசிறு நிற்கும். அதைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகிற பலகையில் அடுக்க வேண்டும். கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கும். அதனால் முந்தின நாள் பார்த்த நாடகத்தைக் காலையில் நாங்கள் இன்னொரு தடவை ஓட்டிவிடுவோம்.

நாடகத்தின் நாயகி ஒரு பெரிய குடும்பத்து மூத்த மருமகள். ஒரு நிச்சயதார்த்தத்தில் கூட்டத்துக்கு நடுவே புருஷன் அவளை அறைந்தான். அன்றைக்கே ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஊறுகாய் போட்டு விற்றாள், கடை வைத்தாள், பிறகு கம்பெனி முதலாளி ஆனாள். நடுவில் ஒரு தடவை ஞாபகம் போனது. அவளைப் போலவே இன்னொருத்தி வந்து ஒரு வருஷத்தைத் தின்றாள். வில்லி ஜெயிலுக்குப் போகும்போதெல்லாம் பட்டுப் புடவையில்தான் போனாள். இதற்கெல்லாம் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அவள் திரும்பிப் போகவில்லை என்ற ஒன்றை வைத்து மட்டும் நான் சிரித்ததே இல்லை.

ஏனென்றால் அவள் பையோடு வெளியே வந்த அதே சமயத்தில்தான், வேப்பூர் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து நானும் பையோடு வந்தேன். என் புருஷன் அறைந்ததில் இடது காது ஜவ்வு கிழிந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் காதில் சரியாகக் கேட்காது. அப்பா செத்துப்போய் வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அம்மா மட்டும்தான். என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. இருந்துக்கோ என்றும் சொல்லவில்லை. டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தாள். நாடகத்தில் அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அம்மா டி.வி.யைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லா பண்ணடி. எதுக்கு அங்க கெடந்து அடிபடணும்? கை இருக்குது, காலு இருக்குது."

அது எனக்குச் சொன்னது என்றுதான் எடுத்துக்கொண்டேன். எங்கள் அம்மா நேராகப் பேசுகிற ஆள் இல்லை. பாசமோ கோபமோ, சுற்றி வளைத்துத்தான் வரும். ஆகவே அன்று முதல் நாடகத்தைப் பார்த்து அவள் பேசியதெல்லாம் என் கணக்கில் வரவாகிக்கொண்டே போனது.

திட்டக்குடியிலிருந்து அப்பா கூடப் பிறந்த அத்தை வந்தால், நேராக என் பேச்சை எடுக்க முடியாமல் நாடகத்தின் பேச்சை எடுப்பார். "என்னா இருந்தாலும் பொம்பள கொஞ்சம் பொறுத்துப் போவணும்" என்பார். அம்மா விடமாட்டாள். "அவ என்னா தப்பு பண்ணா, சொல்லுங்க அண்ணி? நாலு பேரு எதுருல கை நீட்டறவன்கூட எப்படி இருப்பா?" என்பாள். அத்தை டீயைக் குடித்துவிட்டுத் தாழம்பூ வாசனை பாக்கைப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். நான் அடுப்படியில் நின்று கேட்பேன். அன்றைக்கெல்லாம் எனக்குத் தூக்கம் நன்றாக வரும். என் அம்மா என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்துத்தான் வேலைக்குப் போனேன், தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

கடைசி வாரம் புருஷனுக்கு விபத்து நடந்தது. ஆஸ்பத்திரியில் தலையில் கட்டோடு படுத்திருந்தான். இவள் ஓடி வந்தாள். மாமியார் கொத்துச்சாவியை நீட்டினாள். ஊறுகாயில் ஆரம்பித்துக் கட்டிய கம்பெனியில் தன் நாற்காலியில் அவனை உட்காரவைத்து, "நான் ஜெயிச்சதெல்லாம் உங்ககிட்ட தோக்கறதுக்குத்தான்" என்றாள். பின்னால் வீணை. எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ. முடிந்தது.

"தூ" என்றேன். வாய்விட்டே சொன்னேன். அம்மாவும் காறித் துப்புவாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அம்மா அழுதுகொண்டிருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், டி.வி.யின் இரண்டு பக்கமும் கையால் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். "அப்பாடா. ஒரு வழியா வூடு போய் சேந்துட்டா. இனிமே நல்லா இரு கண்ணு" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. வயசாகிவிட்டது, கண்ணீர் வந்தால் எல்லாமே நல்ல முடிவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் கேசரி கிண்டிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, விபூதி பூசி, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். எங்கே என்றேன்.

"மணவாளநல்லூருக்கு. பிராது வாபஸ் வாங்கணும்."

எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. கோர்ட்டுக்குப் போக முடியாத வழக்கைச் சாமியிடம் எழுதிக் கொடுப்பார்கள். காணாமல் போன மாடு, திரும்பி வராத மகன், ஏமாற்றிய பங்காளி என்று குறையைக் காகிதத்தில் எழுதி, மணவாளநல்லூர் கோயிலில் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். காரியம் முடிந்ததும் மறக்காமல் போய் வாபஸ் வாங்கவேண்டும். வாங்காவிட்டால் சாமி குற்றம்.

"நீ எப்பம்மா பிராது கட்டன? யாருக்கு?"

"அந்தப் பொண்ணுக்குதான். அது வூட்ட வுட்டு வந்துச்சு பாரு, அப்பவே போயி கட்டிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாடகத்தில் நடிக்கிற பெண்ணுக்காகச் சாமியிடம் வழக்குப் போட்ட ஆள் எங்கள் ஜில்லாவிலேயே என் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். என்னவென்று எழுதினாய் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

அம்மா கூந்தலை முடிந்துகொண்டே சொன்னாள்: "ரெண்டு பொண்ணுங்க புருஷன் வூட்ட வுட்டு வந்து நிக்குதுங்க, ரெண்டு பேரயும் கொண்டு போயி சேத்துடு சாமின்னு எழுதினேன். ஒனக்கும் அதுக்கும் சேத்து ஒரே பிராதுதான். அது போயி சேந்துடுச்சு. பாதிய மட்டும் வாபஸ் வாங்கலாமான்னு ஐயருகிட்ட கேக்கணும்."

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"அப்ப நல்லா பண்ணடின்னு சொன்னது? அத்தகிட்ட அவ்ளோ சண்ட போட்டது?"

"அது அவுங்க எதுருல வுட்டுக் குடுக்கலாமா? வெளியில பேசறது வேற. மனசுல இருக்கறது வேற."

"என் காது போனது ஒனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியாம என்னாடி. ஒங்கப்பன்கிட்ட நான் வாங்காததா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "நான் இருக்கற வரைக்கும் சரி. எனக்கப்புறம் ஒனக்கு யாரு இருக்கா?"

அவளிடம் அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். அதுதான் வயிற்றெரிச்சல். அன்பு இல்லாதவள் என்றால் ஒரு சண்டை போட்டுவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருப்பேன். இவளோ என்னை அடித்தவனிடமே என்னைப் பத்திரமாகச் சேர்க்கச் சொல்லி, வேலைக்கு நடுவில் வெயிலில் கோயிலுக்கு நடந்திருக்கிறாள். நான் தைரியமாக இருந்த ஒவ்வொரு நாளும் அவள் தன் சாமியின் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாள்.

"நான் போவ மாட்டேன்னு ஒன் சாமிகிட்ட சொல்லிடு" என்றேன்.

"போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மத்தியானம் திரும்பி வந்து செருப்பை ஓரமாக விட்டாள். என் நெற்றியில் அவளே விபூதி வைத்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"பாதியெல்லாம் வாபஸ் வாங்க முடியாதாம். ரெண்டும் முடிஞ்சப்பறம் வாங்கன்னுட்டாங்க. பரவால்ல. ஒண்ண முடிச்சு குடுத்தவரு இன்னொண்ண முடிக்காமயா இருப்பாரு?"

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.