எச்சில் ஆசீர்வாதம்

எழுதிப் பழகாத கை இது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். படித்தவர்கள் பிழை பொறுக்க வேண்டும். அக்காவைப் பற்றி எழுத வேறு யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இலங்கையில் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். அக்கா பங்களாவில் ஆயா. தோட்ட அதிகாரி சின்னத்துரையின் குழந்தையைப் பிறந்ததிலிருந்து அவள்தான் வளர்த்தாள். அந்தத் துரைக்குக் கென்யாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. குழந்தை ஆயாவை விட்டு இருக்காது என்று, அவர் மனைவி துரைசாணி அக்காவையும் கூட்டிப் போவதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அக்கா லயத்துக்கு வரும்போதெல்லாம் கென்யாவும் கூடவே வந்தது. துரைசாணி காட்டிய படப் புத்தகத்தில் பார்த்ததை அடுப்படியில் உட்கார்ந்து சொல்வாள். அங்கே ஓர் ஏரி முழுக்கப் பூநாரைகள் நின்று தண்ணீரே ரோஸ் நிறமாகத் தெரியுமாம். வெயில் கொளுத்தும் நாட்டில் ஒரு மலை உச்சியில் மட்டும் பனி உறைந்தே கிடக்குமாம். கடலோரத்தில் தேங்காய்ப்பால் விட்டுச் சோறாக்குவார்களாம். மாடு மேய்க்கிற மசாய் சனங்கள் பிள்ளைகள் மேல் துப்பித்தான் ஆசீர்வாதம் பண்ணுவார்களாம்.

"கங்காணி வீட்டு நாயப் பாத்தே ஓடுறவ, சிங்கம் திரியிற ஊருக்கா போற?" என்பார் மாமா.

"சிங்கம் கங்காணி மாதிரி பேர வெட்டி அரைநாள் சம்பளம் போடாதுல்ல மாமா?"

எல்லோரும் சிரிப்போம். அம்மா மட்டும் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள்.

பாஸ்போட்டுக்குப் பிரஜாவுரிமை வேண்டும் என்றார்கள். அதைக் கேட்க அப்பா அக்காவோடு நுவரெலியா அரசாங்கக் கச்சேரிக்குப் போனார். பொழுது சாயும் நேரம் இருவரும் நனைந்து வந்தார்கள்.

"நாம இலங்கை ஆளும் இல்லையாம், இந்தியா ஆளும் இல்லையாம். எந்த நாடும் இல்லாதவளுக்கு பாஸ்போட் இல்லைன்னுட்டாங்க" என்றார் அப்பா.

"எந்த நாடும் இல்லேன்னா எந்த நாட்டுக்கும் போகலாந்தானே?" என்று கேட்டேன். மாமாகூடச் சிரிக்கவில்லை.

துரை புறப்பட்ட அன்று அம்மாவோடு நானும் பங்களா வாசலில் நின்றேன். குழந்தை அக்காவின் சேலையை விடவில்லை. அக்கா அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு குனிந்து, அதன் நெற்றியில் மெதுவாகத் துப்பினாள்.

"ஆயா!" என்று கத்திய துரைசாணி, கைக்குட்டையால் அந்த நெற்றியை அழுத்தித் துடைத்தார். கார் போய்விட்டது.

அக்கா கண்ணேறு கழிக்கிறாள் என்றுதான் அம்மா நினைத்தாள். அது மசாய் ஆசீர்வாதம் என்று எனக்குத்தான் உடனே ஞாபகம் வந்தது. படம் காட்டிய துரைசாணிக்கே மறந்துபோச்சே என்று லயம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

"சிரிக்காத பாப்பா" என்றாள் அக்கா.

கென்யாவுக்கு அவளால் போக முடிந்தது அந்த நெற்றி வரைக்கும்தான் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அக்கா அம்மாவின் பழைய கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் போய் நின்றாள்.