எல்மாவுக்காக மூட்டிய அடுப்பு

எல்மா கிவெலா வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை. அதனால்தானோ என்னவோ, ஒரே ஒரு முறை அவள் வாய் திறந்து கேட்டபோது எங்கள் ஊருக்கு அது காதிலேயே ஏறவில்லை.

நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி, ஹில்யா. அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்த காலமெல்லாம் நான் அதே பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டினேன். செம்புச் சுரங்கம் மூடிய பிறகு ஊரில் மிச்சமிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் கையால் மதியம் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவளுக்கென்று பிள்ளை இல்லை. புருஷன் டோய்வோ குடிப்பான், அடிக்கமாட்டான். அடிக்காததையே பெரிய குணமென்று ஊர் கொண்டாடிக்கொண்டிருந்தது. அவன் செத்துப்போன பிறகு அவளுக்கு மிஞ்சியது ஒரு மரவீடு, பின்னால் ஒரு தோட்டம், தோட்டத்து மூலையில் ஆவிக்குளியலுக்கென்று மரத்தால் கட்டிய ஒரு சவுனா. அப்புறம் அந்தச் சவுனாவை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த டோய்வோவின் தம்பி ரெய்னோ.

சுரங்க வேலைக்காகப் பின்லாந்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்கள் மத்தியில், சனிக்கிழமை சாயங்காலம் சவுனாவில் புகை எழும்பாத வீடு துக்க வீடு. ரெய்னோ தன் வீட்டுச் சவுனாவை இடித்துவிட்டு அந்த இடத்தில் பனி தள்ளும் வண்டியை நிறுத்தக் கொட்டகை கட்டிக்கொண்டான். அண்ணி வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே! சனிக்கிழமையானால் அவனும் அவன் பெண்டாட்டி டோரிஸும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். விறகு பிளப்பது எல்மா, அடுப்பு மூட்டுவது எல்மா, தண்ணீர் சுமப்பது எல்மா. அவர்கள் அடுப்பில் காய்ந்த கல்லின்மேல் தண்ணீரை ஊற்றி, ஆவியில் சிவக்கச் சிவக்க உட்கார்ந்து, அவள் சுட்ட ஏலக்காய் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போவார்கள். ஒரு நாளாவது அவளுக்காக யாராவது அந்த அடுப்பை மூட்டியிருக்கிறார்களா என்றால், இல்லை.

அந்த வருஷம் வசந்தம் முடிகிற சமயம், சவுனாவின் வெளிச்சுவரில் பலகை விரிந்திருந்த ஒரு ஓட்டைக்குள் குண்டுத்தேனீ ஒன்று போய்வந்துகொண்டிருந்தது. நல்ல பெரிய ராணி, உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்புமாக ரோமம். உள்ளே மரத்தூளுக்குள் எலி கைவிட்ட பழைய கூட்டைத் தனதாக்கிக்கொண்டுவிட்டது. கொஞ்ச நாளில் குட்டி குட்டியாகத் தேனீக்கள் வர ஆரம்பித்தன. அடுப்பு மூட்டினால் சுவர் கொதிக்கும், உள்ளே மெழுகு உருகிக் கூடு அழிந்துபோகும். எல்மா யோசித்தாள். அடுத்த சனிக்கிழமை அவர்கள் வந்தபோது சவுனாக் கதவு சாத்தியிருந்தது.

"இந்தக் கோடைக்கு மட்டும் விட்டுடுங்க. முதல் உறைபனி விழுந்தா அதுகளே அடங்கிடும். புது ராணிங்க மட்டும் கிளம்பிப் போய் மண்ணுக்குள்ள படுத்துக்கும். அதுக்கப்புறம் வருஷம் பூரா எரிக்கலாம்" என்றாள்.

"ஈக்காகவா சவுனாவை மூடறே?" என்றான் ரெய்னோ.

"ஈ இல்ல, தேனீ."

"கொட்டுதுல்ல? அப்போ எல்லாம் ஒண்ணுதான்."

"நீ போய் இடிக்காத வரைக்கும் கொட்டாது."

டோரிஸ் சிரித்தாள். "பாவம், தனியா இருக்கறவ. ஏதாவது ஒண்ணு வேணும்ல பேச்சுத்துணைக்கு" என்று வேலியோரம் நின்ற என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் திருப்பிக் கண்ணடிக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க எல்மா அந்தத் தேனீக்களோடு எப்படிக் குடித்தனம் நடத்தினாள் என்பதை என் சமையலறை ஜன்னலிலிருந்தே பார்த்தேன். ஓட்டைக்கு நேராக அவள் நிற்கமாட்டாள். அது அவர்களுடைய பாதை. துணி காயப்போடும் கயிற்றை வேலியோரமாக மாற்றிக் கட்டினாள். புல்வெட்டும் இயந்திரத்தின் அதிர்வு ஆகாது என்று அந்த மூலைப் புல்லைக் கத்தரியால் வெட்டினாள். மிச்ச இடத்தில் வெள்ளைப் பூப்பூக்கும் தீவனப்புல் தேனீக்களுக்கு மேய்ச்சலாகக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு தடவை வாளியைச் சுவரில் மோதிக் கொட்டு வாங்கினாள். கை வீங்கியிருந்தது. "தப்பு என்னுது. தூங்கறவங்க வீட்டுக் கதவை இடிச்சா சும்மாவா இருப்பாங்க?" என்றாள். அவள் அப்படிச் சிரித்துப் பேசி நான் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. தேனீக்கள் புண்ணியத்தில் தக்காளியும் பூசணியும் ராஸ்ப்பெரியும் காய்த்துத் தள்ளின. அவற்றைக் கூடை கூடையாக வாங்கிப் போனதும் ரெய்னோ வீட்டுக்காரர்கள்தான். அதில் மட்டும் வெட்கமில்லை.

கோடை முடிகிற நேரத்தில் எல்மா பூசணிக்கொடி தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரி தூரத்து ஊரில்தான். அந்த ஊரில் என் தங்கை இருக்கிறாள். அவள் வீட்டில் தங்கி நான்தான் எல்மாவைப் பார்த்துக்கொண்டேன். ரெய்னோ ஒருநாள் பூங்கொத்தோடு வந்தான்.

எல்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெய்னோ, தோட்டத்துல எதையும் தொடாதே. ராணிங்க கிளம்பற நேரம் இது. இப்போ ஏதாவது ஆச்சுன்னா அடுத்த வருஷத்துக்கு ஒண்ணுகூட மிஞ்சாது."

"நீ எதுக்கும் கவலைப்படாதே, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று இளித்துக்கொண்டே அவள் கையைத் தட்டிக்கொடுத்தான்.

எனக்கு அப்போதே அந்த இளிப்புப் பிடிக்கவில்லை.

அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியது ஒரு சனிக்கிழமை. தெருவில் திரும்பும்போதே சவுனாப் புகைபோக்கியில் புகை. நான் வண்டியை நிறுத்துவதற்குள் எல்மா கதவைத் திறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் தோட்டத்துக்குள் போன வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

தோட்டம் முழுக்கப் புல் வெட்டியிருந்தது, மொட்டை அடித்தாற்போல. சவுனாச் சுவரில் ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் பூச்சிமருந்துப் பொடி. ஓட்டைக்குள் காய்ந்து கெட்டியாகிற மஞ்சள் நுரையை அடித்து இறுக அடைத்திருந்தார்கள். கீழே செத்த தேனீக்களைப் பெருக்கி ஓரமாகக் குவித்திருந்தது. சின்னது, பெரியது என்று கலந்து கிடந்தன. பெரியவை எல்லாம் ராணிகள் என்று எனக்கே தெரிந்தது.

ரெய்னோ இடுப்பில் துண்டோடு வாசலுக்கு வந்தான். "வா வா! ஆஸ்பத்திரியிலேருந்து வர்றவளுக்குச் சூடான சவுனா இல்லாம எப்படி? விறகு நான் பிளந்தேன், தண்ணி டோரிஸ் சுமந்தா. நீ சும்மா வந்து உக்காரு, போதும். அந்தப் பூச்சித் தொல்லையும் ஒழிஞ்சுது."

"உன்கிட்ட அவ சொன்னாளா இல்லையா? கையைப் பிடிச்சுச் சொன்னாளே!" என்று நான் கத்தினேன்.

"மருந்து மயக்கத்துல ஆயிரம் சொல்லுவாங்க. நாங்க எல்லாம் அவளுக்காகத்தானே பண்ணினோம்!" உள்ளேயிருந்து டோரிஸ் குரல் கொடுத்தாள்: "கதவைச் சாத்துங்க, சூடு போகுது!" அவன் உள்ளே போய்விட்டான்.

அப்போதுதான் அவை திரும்பி வந்தன. காலையிலேயே மேயப் போய்த் தப்பித்த சில தேனீக்கள். கால்களில் மஞ்சளாக மகரந்தம். நுரையில் வந்து முட்டின, விலகின, மறுபடி முட்டின. வழி இங்கேதானே இருந்தது என்று அவை தேடுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. எல்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"துரத்து எல்மா இவங்களை. இன்னையோட சரி, இனிமே இந்தப் பக்கம் காலே வைக்கக் கூடாதுன்னு சொல்லு. நீ சொல்லலேன்னா நான் சொல்றேன்" என்றேன்.

அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "துரத்திட்டு? நவம்பர் ஆனா பனி ஜன்னல் வரைக்கும் ஏறும். பாதையில பனியைத் தள்ளி விடறது அவன் வண்டிதான். உனக்கும் வயசாச்சு, எனக்கு இந்த இடுப்பு. வாசலைத் திறக்க யார் வருவா, ஹில்யா?"

அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு சவுனாக் கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"நன்றி, ரெய்னோ. நல்லா சூடு ஏத்தியிருக்கே. இதோ வர்றேன்."

உள்ளே ரெய்னோ டோரிஸிடம் சொன்னது எங்கள் இருவருக்கும் நன்றாகவே கேட்டது: "பாத்தியா? அவளுக்குப் பிடிக்கும்னு நான் சொன்னேன்ல?"