ஓரக் கூடாரம்

செய்தி வந்தபோது நான் சூரிச்சில் ஒரு கடையில் மண்நிறக் காற்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கறுப்பும் கடும் நீலமும் கூடாது, ஆபிரிக்காவில் கடிக்கிற ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வரும் என்று புவனாக்கா எங்களுக்கு உத்தரவு போட்டிருந்தார். தொலைபேசியில் அவருடைய கணவர் நடேசன் அண்ணை. "பிள்ளை, அக்கா போயிட்டா. நெஞ்சு நோகுது எண்டவ, அவ்வளவுதான்." காற்சட்டையைத் திருப்பி வைக்கத் தோன்றவில்லை. வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். ரயில் வந்தும் ஏறாமல் மேடையில் நடந்துகொண்டே இருந்தேன்.

புவனாக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய குரலைச் சொல்லத் தேவையில்லை. சூரிச்சுக்குப் பக்கத்து ஊஸ்டரில் மருத்துவமனைத் துணிகள் வந்து சேரும் சலவைக்கூடத்தில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலால் கதைத்துக் கதைத்து எங்கள் எல்லோருக்கும் தொண்டைச் சத்தம் பெருத்துவிட்டது. அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே. பேருந்தில் அவர் கதைத்தால் ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பார். கையும் சும்மா இராது. காப்பி இடைவேளையில்கூட நின்றபடி யாருடைய மேலங்கியையாவது மடித்துக்கொண்டிருப்பார்.

அப்படியான ஓர் இடைவேளையில்தான் தான்சானியா என்றார். நாங்கள் சிரித்தோம். விடுமுறை என்றால் எங்களுக்கு யாழ்ப்பாணம், இல்லாவிட்டால் கனடாவில் யாரோ வீட்டுக் கலியாணம். "கனடாவுக்குப் போய் மண்டபம் பார்த்தது காணும். மிருகம் பாப்பம்," என்றார். அடுத்த கிழமையே எங்கள் குடும்பங்களை மறித்து மறித்துப் பயணத்துக்குச் சேர்த்துவிட்டார்.

சுவரும் கதவும் உள்ள விடுதி வேண்டாம், புல்வெளியில் கூடாரம்தான் என்று அவர் பிடிவாதமாக நின்றபோது நடேசன் அண்ணைக்கு முகம் கறுத்தது. "வன்னியில கூடாரத்துக்குள்ள கிடந்தது காணாதோ?" என்றார். புவனாக்கா அன்று மட்டும் குரலை இறக்கினார். "அது சண்டைக்குப் பயந்து ஓடிப்போய்ப் படுத்தது. இது நாங்களா விரும்பிப்போய்ப் படுக்கிறது. ராவில சிங்கம் கத்தேக்க ஒரு கூடாரச் சீலைக்கு இங்கால நான் படுத்திருந்து கேக்கோணும். இவ்வளவு காலமும் மெசின் சத்தம் கேட்ட காது." அந்தச் சபாரி முகாமின் ஓரத்தில், வெளியைப் பார்த்தபடி உள்ள கூடாரத்தைத் தங்களுக்கென்று பிடித்தார். "நீ பயந்தாங்கொள்ளி, நடுவில படு," என்று எனக்கு நடுக் கூடாரம்.

சபாரி வண்டியில் வாய் திறக்கக் கூடாதாம். அதற்கு ஒத்திகை வேண்டும் என்று ஒரு ஞாயிறு விடியற்காலை எங்களை வாகனத்தில் ஏற்றி கிரைஃபன்சே ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார். நாணலுக்குள் ஒரு நாரை நின்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். புவனாக்கா என் காதுக்குள், "அங்க பார்," என்று இரகசியம் சொன்னார். நாரை எழும்பிப் பறந்தது. தூரத்தில் நாயோடு நடந்த ஒரு சுவிஸ்காரர் எங்களுக்குக் கையசைத்தார். "சிங்கம் இப்பிடி ஓடாது. அதுவும் என்னை மாதிரிச் சத்தக்காரி தானே," என்று அவரே முதலில் சிரித்தார். பிறகு வடைப் பொதி திறந்தாயிற்று, ஒத்திகையும் முடிந்தது.

அக்காவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு அவர்களுடைய வீட்டில் கூடியிருந்தோம். பயணத்தை உறுதிப்படுத்தச் சொல்லி முகாமிலிருந்து கேட்டிருந்தார்கள். எனக்கு இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. போவதென்றால் அவரை விட்டுவிட்டுப் போவது போலவும், போகாவிட்டால் அவரை இன்னொரு தரம் அனுப்புவது போலவும் இருந்தது. அக்காவின் மச்சாள் ஒருவர் சொன்னார்: "ஆண்டுத் திவசம் முடியேல்லை. அதுக்குள்ள ஊர் சுத்தப் போறதோ? சனம் என்ன கதைக்கும்?"

நடேசன் அண்ணை, "சனம் கதைக்கட்டும். இந்த வீடு சத்தமில்லாமல் கிடக்கிறதுதான் எனக்கு ஏலாமல் கிடக்கு," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "வாறம் எண்டு எழுது, பிள்ளை. நானும் வாறன். ஆனா அந்த ஓரத்தில அவ இல்லாமல் என்னால படுக்கேலாது."

"என்ர நடுக் கூடாரத்தை நீங்கள் எடுங்கோ அண்ணை. ஓரத்தை நான் எடுக்கிறன்," என்றேன்.

நான் பயந்தாங்கொள்ளிதான், அது மாறவில்லை. மண்நிறக் காற்சட்டை பெட்டிக்குள் போய்விட்டது. அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஓரக் கூடாரமும், சலவைக்கூடம் எங்கள் இருவருக்கும் தந்த இந்தத் தொண்டையும். இரவில் சிங்கம் கத்தும். அப்போது, "அக்கா, கேக்குதோ?" என்று கேட்பேன். எனக்கு மெல்லக் கேட்கத் தெரியாது. முகாம் முழுக்க எழும்பட்டும்.