ஹாரன் கேட்டால் திரும்பிக்கொள்

பெரியப்பா ஓட்டிய பஸ்ஸின் ஹாரன் இழுத்து இழுத்து மூன்று முறை அலறும். செந்துறையிலிருந்து அரியலூர் வரும் ரோட்டில், வளைவுக்கு அப்பாலேயே அது கேட்டுவிடும். ரோட்டோர மைதானத்தில் வாலிபால் ஆடும் நாங்கள் எட்டுப் பெண்களும் அந்த நொடியே ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுவிடுவோம். பெரியப்பா மகளான அக்காவுக்காகத்தான் இந்த ஏற்பாடு. "எல்லாரும் திரும்பிக்குங்கடி. நான் மட்டும் திரும்புனா அப்பாவுக்குச் சந்தேகம் வந்துரும்" என்பாள். வீட்டைப் பொறுத்தவரை நாங்கள் இருவரும் அப்போது கணக்கு டியூஷனில் இருந்தோம்.

மைதானத்தின் மறுபாதியில் பையன்கள் இருட்டும்வரை கிரிக்கெட் ஆடுவார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் வயசுப் பெண் ரோட்டோரம் குதிக்கிறாள் என்று ஒருவர் போய்ச் சொன்னால் போதும், பிளஸ் டூவோடு அக்காவின் படிப்பு நின்றுவிடும். அவளைப் பெண் கேட்டிருந்த ஜெயங்கொண்டத்து மாப்பிள்ளை வீடு அதற்குத்தான் காத்திருந்தது. பந்து தலைக்கு மேல் இருக்கும்போதும் எங்கள் காது ரோட்டில்தான் இருக்கும்.

ஒருநாள் நான் அடித்த பந்து வேலியைத் தாண்டி ரோட்டில் உருண்டது. அக்கா ஓடினாள். சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை, அதற்குள்ளிருந்து ஹாரன். ஒரே எட்டில் ஒதுங்கியிருக்கலாம். அவளோ பழக்கதோஷத்தில் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி, பந்தை அணைத்தபடி, நடு ரோட்டில் நின்றுவிட்டாள். நாங்களும், எழுதவே கை கூசுகிறது, திரும்பிக்கொண்டோம். பிரேக் கிறீச்சிட்டதை நான் காதால்தான் கேட்டேன்.

திரும்பிப் பார்த்தபோது அவள் முதுகுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு முழம்தான். "யாரு வூட்டுப் புள்ள நீ? சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று கத்திக்கொண்டே பெரியப்பா இறங்கி வந்தார். அக்கா திரும்பினாள். அவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். "மூஞ்சியக் காட்டியிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டுப் போயிருப்பேனே பாப்பா" என்றார். பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ, "டிரைவரே, நேரமாவுதுல்ல?" என்றார்.

வீட்டில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. படிப்பை முடித்தாள், இன்று திருமானூரில் வேலை பார்க்கிறாள். ஆனால் மைதானத்துக்கு மட்டும் அவள் மறுபடி வரவேயில்லை. நானும்தான்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது ரோட்டோரம் நின்றேன். புதுப் பெண்கள் கத்திச் சிரித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வளைவில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஒருத்தியும் திரும்பவில்லை. நான் திரும்பிக்கொண்டேன். அது கடந்து போகும்வரை, பிரேக் சத்தம் வந்துவிடுமோ என்று காதைக் கொடுத்தபடி நின்றேன்.