தாம்பூலப் பையில் இரண்டு குடுவைகள்

மார்பை எடுத்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து என்னோடு வீட்டுக்கு வந்தவை இரண்டு டியூபுகள். இடது அக்குளுக்குக் கீழே, விலாப் பக்கமாக இரண்டு துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய், அதன் முனையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் குடுவை. புண்ணுக்குள் ஊறும் நீரை அது உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். நீர் நன்றாகக் குறைந்த பிறகுதான் டியூபை எடுப்போம், அதுவரை உடம்போடு இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் அவற்றுக்கு இரட்டைப் பிள்ளைகள் என்று பெயர் வைத்தேன். காலையும் மாலையும் கவனித்தாக வேண்டும், எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போக வேண்டும், கொஞ்சம் மறந்தால் இழுத்துக் கண்ணில் தண்ணீர் வரவழைத்துவிடும்.

சொந்தக்காரர்களுக்கு நாங்கள் சொன்னது கர்ப்பப்பை ஆபரேஷன் என்று. அது என் மகளின் யோசனை. அவளுக்கு அவிநாசிப் பக்கம் ஒரு வரன் கூடி வந்திருந்தது. ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்துவிட்டுப் போய், இரண்டு பேரும் போனில் பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள். நிச்சயம் செய்வது மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து எனக்கு இது வந்தது.

"பரம்பரையா வருமான்னு கேப்பாங்கம்மா. கர்ப்பப்பைன்னு சொல்லிக்கலாம். நம்ம சொந்தத்துல அதை எடுக்காத பொம்பளை யாரு இருக்காங்க?" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். எங்கள் பக்கம் வரன் பார்க்கும்போது மூன்று தலைமுறையைத் தோண்டித் துருவி விசாரிப்பார்கள். புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்தால் அவ்வளவுதான். சரி கண்ணு என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் ஆபரேஷனுக்கு முதல் நாள் பெற்ற மகள் வாயால் அதைக் கேட்டது எனக்கு வலித்தது. அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள், லீவு முடிந்ததும் ஹைதராபாத்துக்குக் கிளம்பினாள். போகச் சொன்னதும் நான்தான். கர்ப்பப்பைக்கு அதற்கு மேல் லீவு போட்டால் சந்தேகம் வரும். அவள் அப்பா இறந்து பல வருஷமாகிறது. கோவை ஆர்.எஸ்.புரத்து மூன்றாம் மாடி வீட்டில் நானும் இரட்டைப் பிள்ளைகளும் மிஞ்சினோம்.

முதலில் குடுவைகளை நைட்டியில் ஊக்கு குத்தி மாட்டினேன். குளியலறையில் அதை மறந்து நைட்டியைத் தூக்கியபோது தையல் போட்ட இடம் சுரீரென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் பீரோவின் அடித்தட்டைக் கிளறித் தாம்பூலப் பைகளை எடுத்தேன். கல்யாணத்துக்குப் போனால் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுப்பார்களே, மணமக்கள் பெயர் அச்சடித்த துணிப்பை, அதுதான். எங்கள் வீடுகளில் அதை யாரும் தூக்கிப்போட மாட்டோம். அளவாக ஒன்றைப் பொறுக்கி, காதுகளில் நாடா கோத்துக் கழுத்தில் மாட்டி, இரண்டு குடுவைகளையும் உள்ளே இறக்கினேன். எடை கழுத்துக்குப் போனது. துளைக்கு இழுவை நின்றது. யாரோ ஒரு ஜோடியின் கல்யாணம் என் வயிற்றின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் வெளியே தெரியாது.

மற்றதெல்லாம் தட்டுத் தடுமாறித்தான் பழகியது. இடது கையை ஒரு தலையணை மேல் வைத்து, மல்லாந்து படுத்தால் குழாய் மடங்காது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து, நீரை அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, குடுவையை நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அமுக்கினபடியே மூட வேண்டும். அப்போதுதான் மறுபடி உறிஞ்சும். குழாய்க்குள் கட்டி தட்டாமல் நீவிவிடச் சொல்லியிருந்தார்கள். அது மட்டும் எனக்கு வரவில்லை. நீவினால் குழாயே கையோடு வந்துவிடும் போல் இருந்தது, விட்டுவிட்டேன். தலை சீவவில்லை. கையை மேலே தூக்க முடியாது, சீவிவிட ஆளில்லை.

சொந்தக்காரர்கள் வராமல் இல்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவிந்தன. ஆனால் எல்லோரும் என் வயிற்றைப் பார்த்துத்தான் பேசினார்கள். குனிஞ்சு கூட்டாதீங்க, குடத்தைத் தூக்காதீங்க என்றார்கள். தங்கள் தங்கள் கர்ப்பப்பைக் கதையைச் சொன்னார்கள். காரமடையிலிருந்து வந்த என் நாத்தனார், தான் ஆபரேஷனுக்குப் பிறகு போட்டிருந்த வயிற்று பெல்ட்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து, வேண்டாம் என்றாலும் கேட்காமல் என் மடியில் வைத்துவிட்டுப் போனார். சிரிப்பாகத்தான் இருந்தது. அவர்கள் போனதும் சிரிப்பு போய்விட்டது. இவ்வளவு பேர் வந்து அனுதாபப்பட்டார்கள், அதில் ஒரு சொட்டுகூட வலிக்கிற இடத்துக்கு வந்து சேரவில்லை.

பிறகு ஒருநாள் காலையில், அக்கம்பக்கம் ஒரு ஜோலியாக வந்ததாகச் சொல்லிக்கொண்டு, மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்திருக்க வேண்டும். ஆனால் சம்பந்தியாகப் போகிறவர்கள் முதல் முறை தனியாக வந்திருக்கிறார்கள், ஒரு வாய் காப்பி கொடுக்காமல் அனுப்பினால் அதைவிட அவமானம் உண்டா?

"எந்திரிக்காதீங்க, நாங்க இப்பத்தான் குடிச்சுப்போட்டு வாரோம்," என்றார் அந்த அம்மா.

"அதெப்படிங்க, ஒரு நிமிசம்," என்று சமையலறைக்குப் போனேன்.

பால் பாத்திரத்தை எடுக்கக் கீழே குனிந்தபோது பை முன்னால் சரிந்து, ஒரு குடுவை வெளியே விழுந்து, குழாய் டிராயரின் பிடியில் மாட்டிக்கொண்டது. தெரியாமல் நிமிர்ந்தேன். உயிர் போய் வந்தது. கத்தக்கூட வரவில்லை. பாத்திரம் விழுந்த சத்தத்தில் அந்த அம்மா உள்ளே வந்துவிட்டார். துண்டு தரையில் கிடந்தது. சிவந்த நீரோடு குடுவை என் இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மகளின் கல்யாணம் இதோடு முடிந்தது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் முதலில் டிராயரிலிருந்து குழாயை விடுவித்தார். "ஏனுங்க, நீங்க பேப்பரைப் பாருங்க, அம்மாவுக்குக் கொஞ்சம் தலை சுத்துதாம், நான் இருந்து வாரேன்," என்று கூடத்திலிருந்த கணவருக்குக் குரல் கொடுத்தார். என்னைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்.

"எங்க சின்னக்காவுக்கு இதேதானுங்க. நான்தான் கூட இருந்தேன். நீர் இன்னும் நெறைய வருதுங்களா?"

"ஒண்ணுல கொறஞ்சிருச்சுங்க. இன்னொண்ணு நின்னு நின்னு வருது."

"நீவறீங்களா?"

பயமாக இருக்கிறது என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். தோலுக்குப் பக்கத்தில் குழாயை இரண்டு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கீழ்நோக்கி மெதுவாக நீவினார். நூல் நூலாக ஒரு கட்டி நகர்ந்து குடுவையில் விழுந்தது. மேலே பிடித்துக்கொண்டால் துளைக்கு இழுவையே போகாது என்று காட்டிக் கொடுத்தார். நெஞ்சுக்குள் இருந்த இறுக்கம் கொஞ்சம் விட்டது. பிறகு என் தலையைப் பார்த்தார். சீப்பு எங்கே என்று கேட்டு எடுத்து, சிக்கெடுத்துச் சீவ ஆரம்பித்தார். மகள் கிளம்பிப் போன பிறகு என் தலையில் பட்ட முதல் கை அது. நான் அழுதேன். அவர் அழாதீங்க என்று சொல்லவில்லை, சீவிக்கொண்டே இருந்தார்.

"அம்மணிக்குத் தெரியுங்களா?"

"எம்மகதாங்க வேற மாதிரி சொல்லச் சொன்னா."

சீப்பு ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் சடை பின்னி முடித்தார். போகும்போது காப்பி அவரே போட்டு, எனக்கும் கணவருக்கும் கொடுத்துவிட்டுத்தான் போனார். அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பயத்தைவிட அந்தச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. இவ்வளவு செய்தவர் ஒருவேளை ஒத்துக்கொள்வார் என்றுகூட நினைத்தேன்.

அந்த வாரமே தரகர் போன் செய்தார். "நம்ம ஜோசியரு மறுக்கா ஒருதடவ பாத்தாருங்களாம். ஏதோ சின்ன எடஞ்சலுன்னு சொல்றாருங்க. அவங்களுக்கே ரொம்ப வருத்தமுங்க," என்றார். எங்கள் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். பழியைத் தூக்கி நவக்கிரகத்தின் தலையில் வைத்துவிடுவோம். எனக்கு வந்த கோபத்தில் தரகரின் காது கிழிய நாலு வார்த்தை கேட்டிருப்பேன். "சரிங்க" என்றுதான் வந்தது.

மகளிடம் சொன்னேன். "யாராச்சும் பாத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். பார்த்துவிட்டார்கள் என்றேன். அவள் திட்டவில்லை. "விடும்மா, நீ உடம்பைப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அடுத்த இரண்டு நாள் அவள் போன் வரவில்லை.

டியூபுகளை எடுத்த அன்றைக்குத் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். விடும்போது ஒரு நீளமான எரிச்சல், முடிந்துவிட்டது. திரும்பும்போது ஆட்டோவில், இல்லாத பையைப் பிடித்துக்கொள்ளக் கை தானாகப் போனது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. மகளுக்கு அனுப்பிய மெசேஜ் படிக்கப்படாமல் கிடந்தது. சொந்தக்காரர்களிடம் எந்த டியூப் என்று சொல்வது? விட்டுப்போன சம்பந்தத்துக்குப் போன் போடுவது எங்கள் வழக்கமே இல்லை. தெரிந்துதான் அந்த அம்மாவின் நம்பரைப் போட்டேன்.

"டியூப் எடுத்துட்டாங்கங்க," என்றேன். யார் பேசுவது என்று சொல்லவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தி, "ரெண்டுமேங்களா?" என்றார்.

"ரெண்டும்தாங்க."

பின்னாலிருந்து அவர் கணவர் கேட்டது எனக்கும் கேட்டது. "யாரு போன்ல?"

"ஏதோ ராங் நம்பருங்க," என்றார் அந்த அம்மா.

உடனே வைத்துவிடவும் இல்லை. அவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. நான்தான் வைத்தேன். கணவரிடம்கூட என் விஷயத்தை அவர் சொல்லவில்லை, ஜோசியரைச் சொல்லித்தான் சம்பந்தத்தை நிறுத்தியிருக்கிறார், எனக்காகத்தான் மறைத்திருக்கிறார் என்று புரிந்தது. புரிந்தும், ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டு அழுதேன். மகளின் சம்பந்தம் போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.