விரல் நீட்டிக் கடந்த சாலை

சாலையைக் கடக்கும் இடத்தில் தேய்ந்துபோன வெள்ளைக் கோடுகள்தான் முதலில் ஞாபகம் வருகின்றன. அக்கா இப்போது கல்யாணமாகி பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். அன்று ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு எதிர்ப்பக்கம்தான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும். அக்காவும் கூட வேலை செய்யும் பெண்களும் தினமும் ஓடித்தான் சாலையைக் கடப்பார்கள். எச்சரிக்கைப் பலகையை மரக்கிளை மறைத்திருந்தது. மழை பெய்தால் கோடும் தெரியாது. ஒருநாள் மோட்டார் சைக்கிள் இடித்து அக்காவின் தோழிக்குக் கால் முறிந்தது. “அடுத்தது யாருடா?” என்று அக்கா கேட்டாள்.

வீட்டில் முதலில் படித்தவன் நான். அதுவும் அக்காவின் சம்பளத்தில். நகராட்சிக்குப் புகார் எழுதுவது என் வேலையாயிற்று. எழுதி எழுதிச் சலித்த பிறகு, ஒரு காலையில் அதிகாரி ஒருவர் நேரிலேயே வந்தார். நம்மவர்தான், தமிழர்.

“அங்க மேம்பாலம் இருக்கேக்கா, அதுல போனா என்ன?”

“நாள் பூரா மெஷின் முன்னால நிக்கிற காலுண்ணே. நீங்க இதுல ஒரு தடவ கடந்து காட்டுங்கலா, நான் மேம்பாலத்துல போறேன்” என்றாள் அக்கா.

அதிகாரி ரோஷத்தோடு சாலையில் இறங்கினார். ஹாரன் அலறியது, நடைபாதைக்கே திரும்பினார். மறுபடி இறங்கினார், மறுபடி ஏறினார்.

“என்னண்ணே, டான்ஸா?” என்றாள் ஒருத்தி.

தொழிற்சாலைக்குள் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு வண்டி ஓடும் பாதையைக் கடக்குமுன் வலப்பக்கம் விரல் நீட்டி, இடப்பக்கம் விரல் நீட்டி, “கிளியர்!” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். உள்ளே தனக்காக நிற்கிற வண்டி வெளியே ஏன் நிற்கக்கூடாது என்பது அக்காவின் ஆத்திரம். தோழிக்கு அடிபட்டதிலிருந்து சாலையிலும் அதையே செய்தாள். அன்று எல்லாரையும் வரிசையாக நிறுத்தினாள். அத்தனை விரல்களும் ஒன்றாக நீண்டன. போலீஸ் சோதனை என்று நினைத்தார்களோ என்னவோ, கார்கள் திகைத்து நின்றன. “கிளியர்!” அதிகாரி பெண்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு கடந்தார்.

“தினமும் இப்படியாக்கா?” என்று வியர்வையைத் துடைத்தார். குரலில் கேலி இல்லை.

சில வாரங்களில் கிளையை வெட்டினார்கள். கோடுகளைத் தடிமனாகப் போட்டார்கள். நடப்பவருக்கு வழிவிடச் சொல்லும் பலகையும் வந்தது. மறுநாள் காலை நானும் பார்க்கப் போனேன். யாரும் விரலைத் தூக்குவதற்குள் பெரிய லோரி ஒன்று கோட்டுக்கு முன்னால் வந்து நின்றது. ஒருவரும் அசையவில்லை. தங்களுக்காகத்தான் நிற்கிறது என்று யாருக்கும் தோன்றவே இல்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“போங்கலாக்கா! உங்களுக்குத்தானே நிக்கிறேன்!”

அக்கா சீருடைச் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிறகு கல்யாணப் பெண் மாதிரி மெதுவாக, மிக மெதுவாக நடந்தாள். லோரி காத்திருந்தது.